ஒரே ஒரு தாய்ச் சிலந்தி போதும்: பழுப்பு விதவைச் சிலந்தி நாடு நாடாகப் பரவுவது எப்படி?

சிவப்புக் குறி போட்ட கருப்பு எட்டுக்கால் பூச்சியின் படம், 'கடித்தால் மரணம்' என்று ஒரு வரி, 'எல்லோருக்கும் பகிருங்கள்' என்று ஒரு வேண்டுகோள். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து வாட்ஸ்ஆப் குழுக்களில் இப்படிப்பட்ட செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது. படத்தில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்காவின் கருப்பு விதவைச் சிலந்தி. அதைப் பார்த்துப் பயந்தவர் சீமாற்றை எடுத்துக்கொண்டு போய் அடிப்பதோ, சுவரில் கரப்பான் பிடித்துக்கொண்டிருக்கும் வேட்டைச் சிலந்தியை.

இந்தச் செய்திகள் விஷத்தை மட்டும் பேசுகின்றன. ஆனால் ஒரு சிலந்தி இனம் கடல் தாண்டிப் போய் வேரூன்றுவதற்கும் அதன் விஷத்துக்கும் பெரிய தொடர்பு கிடையாது. அதைத் தீர்மானிப்பது இணைசேர்க்கை. ஆண் எப்படிப் பெண்ணைத் தேடுகிறது, எந்த வயதுப் பெண்ணோடு சேர்கிறது, பெண் அந்த விந்தை எவ்வளவு காலம் வைத்திருக்கிறது என்பவைதான் பரவலின் கணக்கை எழுதுகின்றன. உலகம் முழுக்கப் பரவிவிட்ட பழுப்பு விதவைச் சிலந்தியை வைத்து இதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

அயல் இனம் வேறு, ஊடுருவும் இனம் வேறு

வெளியிலிருந்து வந்த உயிரெல்லாம் தொல்லை தருவதில்லை. மக்காச்சோளமும் மரவள்ளியும் அயல் இனங்கள்தான். அவற்றால் கொங்கு நாட்டில் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. வந்த இடத்தில் தானாகப் பெருகி, மனிதர் கையை மீறிப் பரவி, ஏற்கெனவே இருந்த உயிர்களையோ பயிரையோ கெடுக்கும் போதுதான் அதை ஊடுருவும் இனம் என்கிறோம்.

நம் பக்கத்து விவசாயிகளுக்கு இதற்குப் பாடம் தேவையில்லை. 2008-ல் கோவை வட்டாரத்தில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி என்று இறங்கியது. 2010-ல் அதன் எதிரியான சிறு ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் ஏறிய சுருள் வெள்ளை ஈ இன்னும் ஓலையைக் கருக்கிக்கொண்டிருக்கிறது.

எந்த ஊடுருவும் இனமும் மூன்று படிகளைத் தாண்டியாக வேண்டும்.

1. பயணம்: கப்பலிலோ லாரியிலோ செடித்தொட்டியிலோ உயிரோடு வந்து சேர வேண்டும்.
2. குடியேற்றம்: வந்த இடத்தில் தின்று, இணை கண்டு, குஞ்சு பொரிக்க வேண்டும்.
3. பரவல்: அங்கிருந்து அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.

பெரும்பாலான உயிர்கள் இரண்டாவது படியில் தோற்றுப்போகின்றன. காரணம் எளிமையானது. புது ஊருக்கு வந்தது ஒன்றோ இரண்டோ என்றால் ஆணுக்குப் பெண் கிடைக்காது, பெண்ணுக்கு ஆண் கிடைக்காது. அசுவினிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆணே இல்லாமல் பெண் அசுவினி குட்டி போட்டுத் தள்ளிவிடும். சிலந்திகளில் அநேகமாக எல்லா இனங்களுக்கும் ஆண் தேவை. அப்படியிருந்தும் சில சிலந்திகள் மட்டும் இந்தப் படியை அநாயாசமாகத் தாண்டுகின்றன.

சிலந்தி இணைசேரும் விதம்

ஆண் சிலந்தியின் வயிற்றுப் பகுதியில் விந்து சுரக்கும் துளை உண்டு. ஆனால் அதைக் கொண்டு நேரடியாகச் சேர்வதில்லை. முதலில் சின்னதாக ஒரு வலை பின்னி அதில் ஒரு துளி விந்தை விடும். முகத்துக்குப் பக்கவாட்டில் குட்டைக் கால்கள் போல் இரண்டு உணர்கொம்புகள் இருக்கின்றன. வளர்ந்த ஆணுக்கு அவற்றின் நுனி உருண்டு, குத்துச்சண்டைக் கையுறை மாட்டியது மாதிரித் தெரியும். அந்த நுனிகளில் விந்தை உறிஞ்சி நிரப்பிக்கொண்டு பெண்ணைத் தேடிக் கிளம்பும்.

பெண்ணின் வயிற்றின் அடியில் கடினமான தகடு போன்ற ஒரு திறப்பு இருக்கிறது. விதவைச் சிலந்திகளில் அதற்கு இரண்டு வாயில்கள். உள்ளே இரண்டு விந்துப் பைகள். ஆண் ஒவ்வொரு கொம்பாகச் செருகி ஒவ்வொரு பையாக நிரப்ப வேண்டும். உள்ளே போன விந்து உடனே முட்டையைச் சேராது. பையிலேயே தங்கும். முட்டையிடும் வேளையில் வேண்டிய அளவைப் பெண் எடுத்துக்கொள்ளும். இந்த விந்துப் பையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பரவலின் கதை முழுக்க இதைச் சுற்றியே நடக்கிறது.

உயிரைக் கொடுத்து இணைசேரும் ஆண்

விதவைச் சிலந்திகள் லாட்ரோடெக்டஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டது ஆஸ்திரேலியாவின் செம்முதுகுச் சிலந்தி. பெண்ணின் உடல் சுமார் 1 சென்டிமீட்டர். ஆணின் நீளம் 3, 4 மில்லிமீட்டர்தான். எடையில் பெண்ணின் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே தேறும்.

பெண் தன் நூலில் ஒரு வாசனைப் பொருளைப் பூசி வைக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஆண் வருகிறது. வலையின் ஓரத்தில் நின்று வயிற்றை அதிரவைக்கும், நூலைச் சுண்டும், வலையின் ஒரு பகுதியை அறுத்துத் தன் நூலால் சுற்றும். கண்பார்வை மங்கலான பெண்ணுக்கு, வந்திருப்பது ஈ அல்ல, இணை என்று தெரிவது இந்த அதிர்வால்தான். இது மணிக்கணக்கில் நடக்கும். சுமார் 100 நிமிடங்களுக்குக் குறைவாக ஆடிவிட்டு அவசரப்படும் ஆணைப் பெண் சீக்கிரமே கொன்றுவிடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதன் பிறகு நடப்பதுதான் உயிரியலாளர்களையே திகைக்க வைத்தது. ஒரு கொம்பைச் செருகியதும் ஆண் தலைகுப்புறக் குட்டிக்கரணம் அடித்து, தன் வயிற்றைப் பெண்ணின் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் வைக்கிறது. விந்து மாறிக்கொண்டிருக்கும் போதே பெண் அதைக் கடித்துத் தின்னத் தொடங்குகிறது. செம்முதுகு ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கு இப்படியே முடிகின்றன.

இது பெண்ணின் வெறி அல்ல, ஆணின் ஏமாளித்தனமும் அல்ல. கணக்கைப் பார்த்தால் புரியும். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் மேடியான் ஆண்ட்ரேட் 1996-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தின்னப்பட்ட ஆண்கள் அதிக நேரம் சேர்ந்திருந்தன. பிழைத்த ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு குஞ்சுகளுக்குத் தகப்பனாகின. ஆணைத் தின்ற பெண் அடுத்து வரும் ஆணைத் தட்டிக்கழிக்கும் வாய்ப்பும் கூடுதல். இன்னொரு பக்கம், பெண்ணைத் தேடிக் கிளம்பும் ஆண்களில் பத்துக்கு எட்டு வழியிலேயே செத்துப்போகின்றன. இரண்டாவது பெண் கிடைக்கும் என்ற நம்பிக்கையே இல்லாத உயிருக்கு, கிடைத்த ஒருத்தியிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது நட்டமில்லை.

போதாததற்கு, கொம்பின் நுனி உள்ளேயே ஒடிந்து தங்கி, விந்துப் பையின் வாயை அடைத்துவிடுவதும் உண்டு. அடுத்த ஆணுக்கு வழி அடைபடுகிறது.

பழுப்பு விதவைச் சிலந்தியின் ஆணும் இதே குட்டிக்கரணம் அடிக்கிறது. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட முடிவு இன்னும் விசித்திரமானது. இளம் பெண்ணையும் வயதான பெண்ணையும் பக்கத்தில் வைத்தால், முட்டை குறைவாகத் தரக்கூடிய, ஆணைத் தின்னும் சாத்தியம் கூடிய வயதான பெண்ணையே ஆண்கள் அதிகம் நாடின.

முழுப் பருவம் எட்டாத பெண்ணோடும் சேரும் வழி

2016-ல் வெளியான ஒரு கண்டுபிடிப்பு பரவலைப் பற்றிய நம் புரிதலையே மாற்றியது. செம்முதுகு, பழுப்பு விதவை ஆகிய இரண்டு இனங்களிலும், கடைசித் தோலுரிப்புக்கு முந்தைய கட்டத்தில் இருக்கும் பெண்ணோடும் ஆண் சேர்கிறது. அந்தக் கட்டத்தில் பெண்ணின் விந்துப் பைகள் உள்ளே உருவாகிவிட்டிருக்கும். வெளித்திறப்பு மட்டும் தோலால் மூடியிருக்கும். ஆண் அந்தத் தோலைக் கிழித்து விந்தைச் செலுத்துகிறது. பிறகு பெண் தோலுரித்தாலும் பையில் விந்து அப்படியே இருக்கிறது. வளர்ந்ததும் வேறு ஆண் இல்லாமலே முட்டையிடுகிறது.

இந்த வகையில் ஆண் அதிகம் ஆடிக் காட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் தின்னப்படுவதும் இல்லை. உயிரோடு போய் இரண்டாவது பெண்ணைத் தேடலாம். பெண்ணுக்கு இது நல்லதா என்பது தனிக் கேள்வி. பரவல் என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால் விளைவு தெளிவு: முட்டையிடத் தயாரான சரக்கோடு வண்டி ஏறக்கூடிய பெண்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது.

கணக்கு எங்கே போய் நிற்கிறது?

இதுவரை சொன்னதை ஒரு லாரியில் ஏற்றிப் பார்ப்போம். அடிப்பலகைக்கு அடியில் ஒரு பெண் பழுப்பு விதவைச் சிலந்தி.

1. அது ஏற்கெனவே இணைசேர்ந்துவிட்டது. விதவைச் சிலந்தி இனங்களில் விந்தை இரண்டு ஆண்டு வரைகூடச் சேமித்து வைக்க முடியும். போய்ச் சேரும் ஊரில் ஆண் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.
2. இரை இல்லாமல் வாரக்கணக்கில் தாங்கும். பயணத்தில் பட்டினி கிடந்து சாவதில்லை.
3. ஒரு முட்டைக்கூட்டில் சுமாராக 100 முதல் 150 முட்டை. வாழ்நாளில் 20 கூடு வரை கட்டும். தோராயமாக 2,000-க்கும் மேற்பட்ட குஞ்சுகள்.
4. குஞ்சுகளில் ஒரு பகுதி உயரமான இடத்துக்கு ஏறி, நூலை விட்டு, காற்றில் மிதந்து போகும். மீதி அக்கம்பக்கத்திலேயே தங்கும். அங்கேயே வளரும் ஆண் குஞ்சுகள் அங்கேயே வளரும் பெண் குஞ்சுகளோடு சேரும்.

நாலாவது புள்ளி உடன்பிறப்புகளுக்குள் சேர்வதைக் குறிக்கிறது. அதில் மரபுக் குறைபாடு வரத்தான் செய்யும். என்றாலும் தொடக்க எண்ணிக்கையைப் பெருக்கிவிட அது போதும்.

வெளிநாடுகளில் நடந்தது

பழுப்பு விதவைச் சிலந்தியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்பதே பெரும்பாலானோர் கருத்து. ஆனால் 1841-ல் அறிவியல் பெயர் வைக்கப்பட்டது தென் அமெரிக்காவில் கிடைத்த மாதிரிக்கு. அதற்குள் அது கடல் தாண்டியிருந்தது. 1935-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் தென்பட்டது. பல பத்தாண்டு அங்கேயே இருந்துவிட்டு, 2000-க்குப் பிறகு வேகமெடுத்து கலிபோர்னியா வரை போய்விட்டது. இந்தியாவிலிருந்து அதன் முதல் அறிவியல் பதிவு 2007-ல் வந்தது.

புளோரிடாவில் அது வந்த இடங்களில் உள்ளூர்க் கருப்பு விதவை குறைந்துகொண்டே போனது. காரணத்தை 2023-ல் ஓர் ஆய்வு காட்டியது. இரை போதுமான அளவு இருந்தும்கூட, பழுப்பு விதவை உள்ளூர்க் கருப்பு விதவையைத் தேடிப்போய்த் தாக்குகிறது. மற்ற உறவினச் சிலந்திகளைவிட அதைக் கொல்லும் வாய்ப்பு 6.6 மடங்கு அதிகம். கடித்தால் மனிதருக்கு அதிகத் தீங்கு செய்யும் இனத்தைக் குறைவான தீங்கு செய்யும் இனம் துரத்துகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மனிதரைத் தாக்கும் விஷம் வெற்றியைத் தீர்மானிக்கவில்லை.

ஜப்பானில் 1995-ல் ஒசாகா பகுதியில் செம்முதுகு கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாகாணங்களில் இருக்கிறது.

நியூசிலாந்தில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே கடற்கரை மணல்மேடுகளில் மட்டும் வாழும் கட்டிப்போ என்ற உள்ளூர் விதவைச் சிலந்தி உண்டு. அது அருகிவரும் இனம். 1980-களில் வந்து சேர்ந்த செம்முதுகின் ஆண், கட்டிப்போப் பெண்ணோடு சேர்ந்து குஞ்சு பொரிக்க முடிகிறது. மாறாகக் கட்டிப்போ ஆண், செம்முதுகுப் பெண்ணின் வலைக்குள் போனால் இரையாகிவிடுகிறது. கலப்பு ஒரு பக்கமாகவே நடக்கிறது. ஓர் இனத்தைக் கொல்லாமலே, அதன் வம்சத்தைத் தன் வம்சத்தில் கரைத்துவிட வழி இருக்கிறது என்பதற்கு இது உதாரணம்.

அமெரிக்காவில் 2022-ல் 'பாராசூட் சிலந்தி' என்று பரபரப்பாகப் பேசப்பட்டது வேறொரு குடும்பம்: கிழக்காசியாவின் ஜோரோ சிலந்தி. ஜார்ஜியா மாநிலத்தில் 2014-ல் அடையாளம் காணப்பட்டது. கன்டெய்னரில் வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. வால்பாறை, ஆனைகட்டிப் பக்கத்துக் காட்டு ஓரங்களில் பொன்னிற வலை கட்டி உட்கார்ந்திருக்கும் மரச் சிலந்தி அதற்கு உறவு. கை அகலத்துக்குக் கால் பரப்பிய பெண்ணையும், அதே வலையில் பயறு அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆணையும் பார்த்தால் இரண்டும் ஒரே இனம் என்று நம்பவே முடியாது. அந்த ஆண் தின்னப்படாமலிருக்கப் பெண்ணின் முதுகில் ஏறி நூலால் தடவிக் கட்டி அமைதிப்படுத்துகிறது.

போக்கு ஒருவழிப் பாதையும் அல்ல. நம் வீட்டுச் சுவரில், வெள்ளைத் தட்டு போன்ற முட்டைப்பையை வயிற்றுக்கடியில் சுமந்துகொண்டு திரியும் பெரிய வேட்டைச் சிலந்தி, வெப்பமண்டல ஆசியாவிலிருந்து கிளம்பி வாழைத்தாரோடும் கப்பலோடும் உலகின் சூடான துறைமுகங்களுக்கெல்லாம் போய்விட்டது.

கொங்கு நாட்டுக்கு ஏன் இது முக்கியம்?

பழுப்பு விதவைக்கு வயலும் காடும் பிடிப்பதில்லை. மனிதர் கட்டிய, மழை படாத, யாரும் அடிக்கடி கை வைக்காத இடுக்குகளே அதற்கு வீடு. பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடிக்கு உட்புறம், அடுக்கி வைத்த ஹாலோபிளாக்கின் ஓட்டை, பழைய டயர், காலிச் செடித்தொட்டி, தண்ணீர் மீட்டர் பெட்டி, பொடக்காலியில் (புழக்கடையில்) சாத்தி வைத்த தகரம். தறிக்குடோனும் கோழிப்பண்ணையும் தோட்டத்துச் சாளையும் இப்படிப்பட்ட இடுக்குகளால் ஆனவை.

பயணப் பாதையோ இங்கே தாராளம். திருப்பூர் பின்னலாடையும் கரூர் வீட்டு உபயோகத் துணியும் தூத்துக்குடி, கொச்சி, சென்னைத் துறைமுகங்களுக்குக் கன்டெய்னரில் போகின்றன. காலிக் கன்டெய்னர்கள் திரும்பி வருகின்றன. இருகூரில் உள்நாட்டுக் கன்டெய்னர் முனையமே இருக்கிறது. நாமக்கல், சங்ககிரி லாரிகள் நாடு முழுக்க ஓடுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடமாநிலங்களில் மாதக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு ஊர் திரும்புகின்றன. பல நாள் ஒரே இடத்தில் நிற்பதும் பிறகு ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதும் இணைசேர்ந்த ஒரு பெண் சிலந்திக்கு மிகவும் தோதான பயணம்.

அடையாளம் காண்பது எப்படி?

சிலந்தியைவிட முட்டைக்கூட்டைத் தேடுவது சுலபம், நம்பகமானது. நிறம் ஏமாற்றும்: வெளிர் பழுப்பிலிருந்து ஏறக்குறையக் கருப்பு வரை இருக்கும். முதுகில் கோலம் போன்ற வடிவங்கள், காலில் பட்டை, வயிற்றின் அடியில் ஆரஞ்சு நிற உடுக்கை வடிவம். பகலில் பெண் இடுக்குக்குள் பதுங்கிக்கொள்வதால் இதெல்லாம் கண்ணில் படாது.

முட்டைக்கூடு அப்படியல்ல. மற்ற விதவைச் சிலந்திகளின் கூடு வழவழப்பாக இருக்கும். இதன் கூடு மங்கிய வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் உருண்டை. சுண்டைக்காயைவிடச் சற்றுச் சிறியது, மேலெல்லாம் நூலாலான சின்னச் சின்ன முட்கள். வட்ட வலையில் அல்ல, ஒழுங்கில்லாமல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வலுவான நூல்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகள் பக்கம் பக்கமாகத் தொங்கினால் ஐயம் வேண்டாம்.

கடித்தால்?

விதவைச் சிலந்திகளின் விஷத்தில் நரம்பு முனைகளைத் தூண்டி, அவற்றிலுள்ள வேதிப்பொருட்களை மொத்தமாகக் கொட்டவைக்கும் ஒரு புரதம் உண்டு. கருப்பு விதவை, செம்முதுகு கடித்தால் தசைப்பிடிப்பும் வியர்வையும் கடும் வலியும் வருவது இதனால்தான். பழுப்பு விதவையிடமும் அந்த வகை விஷம் இருக்கிறது; ஆனால் அதன் கடி பெரும்பாலும் கடித்த இடத்து வலி, சிவப்பு என்பதோடு நின்றுவிடுகிறது. சண்டைக்கு வரும் இனமும் அல்ல: தொந்தரவு செய்தால் சுருண்டு கீழே விழும். கை வைத்து நசுக்கும்போது, செருப்புக்குள் கால் நுழைக்கும்போது கடிக்கும்.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். கீறுவதும் கட்டுப் போடுவதும் கூடாது. வலி பரவினாலோ, வயிற்றிலும் முதுகிலும் பிடிப்பு வந்தாலோ, கடிபட்டது குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றாலோ அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடம்பின் ஒரு பக்கத்தில் வரிசையாகக் கொப்புளம் எழும்பினால் 'எட்டுக்கால் பூச்சி மேல ஊர்ந்திருச்சு' என்று சொல்லிச் செம்மண் குழைத்து எழுதும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அது அக்கி, சின்னம்மைக் கிருமி உடம்பில் பல வருடம் உறங்கிக் கிடந்து மறுபடி எழுவதால் வருவது. முதல் மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் பலன் அதிகம். சிலந்தி மேல் பழி போட்டுக்கொண்டிருந்தால் அந்த நாட்கள் வீணாகிவிடும்.

என்ன செய்யலாம்?

1. பூச்சிமருந்தை நம்ப வேண்டாம். முட்டைக்கூட்டின் நூலடுக்கு பல மருந்துகளை எளிதில் உள்ளே விடாது. தாய் செத்தாலும் குஞ்சு பொரிக்கலாம். மருந்து கொல்வதோ, வேட்டைச் சிலந்தி, குதிக்கும் சிலந்தி, பல்லி என்று நமக்கு உதவும் உயிர்களை.
2. கூடுகளைக் கையுறை போட்டுக்கொண்டு குச்சியில் சுற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரில் முக்கி வைக்கலாம், அல்லது நசுக்கிவிடலாம். தாயைக் கொன்றுவிட்டுக் கூட்டை விட்டால் செய்த வேலை வீண்.
3. நெடுநாள் நின்ற லாரி, ரிக் வண்டி, வெளியூரிலிருந்து வந்த பழைய இயந்திரம், மரப்பலகை அடுக்கு, நர்சரிச் செடித்தொட்டி இவற்றின் அடிப்புறத்தை இறக்கும் முன் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. குடோனில் இறக்கியபின் தேடுவதைவிட இது பல மடங்கு எளிது.
4. வயலிலும் தோப்பிலும் இருக்கும் சிலந்திகளைத் தொடக்கூடாது. நெல்லில் புகையானைத் தின்னும் ஓநாய்ச் சிலந்தியும், பருத்தியில் புழுவைப் பிடிக்கும் பச்சைச் சிலந்தியும் கூலி கேட்காத காவல்காரர்கள். பழுப்பு விதவை அங்கே வாழ்வதில்லை.
5. முட்கள் கொண்ட கூட்டைப் பார்த்தால், அழிக்கும் முன் கூட்டையும் சிலந்தியின் அடிவயிற்றையும் படம் பிடித்து, கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறைக்கோ பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறைக்கோ இடமும் தேதியும் சேர்த்து அனுப்புங்கள். ஊர் ஊராக இப்படிச் சேரும் பதிவுகளை வைத்துத்தான் அது எந்தச் சாலை வழியாக, எந்தச் சரக்கோடு நகர்கிறது என்று வரைபடம் போட முடியும்.